கரன்ட் போனால் சோலாரும் ஏன் போகிறது? – வாசகர் கேள்வி பதில்

வீடு, கடை, பட்டறை மாடிகளில் சோலார் பேனல் போடுவது பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற தண்டையார்பேட்டைக்காரர்.

ஐயா, போன வருஷம் வீட்டில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். "இனிமேல் உங்களுக்குக் கரன்ட் கட்டே கிடையாது" என்று சொல்லித்தான் போட்டார்கள். போன வாரம் பட்டப்பகலில் மூன்று மணி நேரம் கரன்ட் இல்லை. மாடியில் வெயில் கொளுத்துகிறது, கீழே ஃபேன் ஓடவில்லை. இன்வெர்ட்டர் பழுதா?
– வாசகி, திருவொற்றியூர்

இன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது அம்மா. உங்களிடம் சொல்லி விற்ற வார்த்தைதான் தப்பு.

உங்கள் வீட்டில் இருப்பது 'ஆன் கிரிட்' இன்வெர்ட்டர், அதாவது பேனல் தரும் கரன்ட்டை வீட்டுக் கரன்ட்டாக மாற்றி, ஈ.பி. லைனோடு சேர்ந்தே ஓடுவது. பேட்டரி கிடையாது. ஈ.பி. லைனில் வரும் 230 வோல்ட்டையும் 50 ஹெர்ட்ஸையும் பார்த்து, அதோடு ஒத்துப்போய்த்தான் அது தன் கரன்ட்டை வீட்டுக்குள் தள்ளும். லைன் செத்துவிட்டால் இரண்டே நொடிக்குள் தானாக நின்றுவிட வேண்டும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள், அப்படி நிற்காத இன்வெர்ட்டரை லைனில் சேர்க்க அனுமதி இல்லை.

ஏன் என்றால், உங்கள் தெரு பில்லர் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருக்கும் ஆளுக்காக. லைன் ஆஃப் என்று நம்பி அவர் கை வைக்கிறார். அந்த நேரத்தில் உங்கள் மாடியிலிருந்து கரன்ட் தெருவுக்குள் போனால் அவர் உயிர் போகும். அது அங்கேயே நிற்கவும் நிற்காது. டிரான்ஸ்பார்மருக்குள் பின்பக்கமாகப் புகுந்தால் 230 வோல்ட் அந்தப் பக்கம் 11,000 வோல்ட்டாக ஏறும். லைன் கிளியர் (லைனை அணைத்தாகிவிட்டது என்ற அனுமதி) வாங்கி, டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்து, எர்த் ராடு மாட்டிய பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். ஆனால் நடுராத்திரி, முழங்கால் தண்ணீர், தெருவே கூடி நின்று "எப்ப வரும், எப்ப வரும்" என்று கேட்கும்போது எல்லாவற்றையும் வரிசையாகச் செய்ய எத்தனை பேருக்கு மனசு நிதானமாக இருக்கும்? ஈ.பி.யா ஜெனரேட்டரா என்று மாற்றிவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஓட்டிய ஒரு ஜெனரேட்டரிலிருந்து பின்னால் வந்த கரன்ட்டில் அடிபட்ட பையனைக் கம்பத்திலிருந்து என் கையால் இறக்கியிருக்கிறேன். பிழைத்துக்கொண்டான், வலது கையில் இரண்டு விரல் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், கரன்ட் போகும்போது உங்கள் சோலார் நிற்பது நல்லது. அதை நிற்காமல் செய்து தருகிறேன் என்று யாராவது ஒயரைப் பிடித்தால் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

கரன்ட் கட்டிலும் ஃபேன் ஓட இரண்டு வழி உண்டு. ஒன்று, ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும். கரன்ட் போனதும் அது தெரு லைனைத் துண்டித்துவிட்டு உங்கள் வீட்டுக்கு மட்டும் கொடுக்கும். விலை நிறைய ஏறும். இன்னொன்று, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சாதாரண இன்வெர்ட்டரும் டியூப்ளர் பேட்டரியும் இருந்தபடியே இருக்கட்டும். ரெண்டு ஃபேன், நாலு லைட்டுக்கு அது போதும். நம் பக்கம் வரும் கரன்ட் கட்டுக்கு ஹைபிரிட் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் சோலார் ஒயரைக் கொண்டுபோய் அந்தப் பழைய இன்வெர்ட்டரின் அவுட்புட்டில் சேர்த்துவிடலாம் என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். சேர்த்தால் பேட்டரி கொதிக்கும், இன்வெர்ட்டர் போர்டும் கருகும்.

எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் வருகிறது. "அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, 3 கிலோவாட் போட்டால் பில் பூஜ்யம்" என்கிறார் ஏஜென்ட். போடலாமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

வேண்டாம்.

100 யூனிட் இலவசம் போக மீதி 80 யூனிட்டுக்கு நீங்கள் கட்டுவது இருநூறு ரூபாய்க்குள்தான். அதை மிச்சப்படுத்த லட்சக்கணக்கில் போடுவது கட்டுப்படியாகாது. 'இலவசம்' என்பதும் உண்மையில்லை. மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. அதில் மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக மொத்தம் அதிகபட்சம் 78,000. அதற்கு மேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் அவ்வளவுதான். முதலில் நீங்கள் பணம் கட்டிப் போட வேண்டும் (வங்கிக் கடனும் உண்டு). ஈ.பி. வந்து பார்த்து மீட்டர் மாற்றிய பிறகு மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். மானியத்தை வாங்கித் தருகிறேன் என்று முன்பணமோ ஓ.டி.பி.யோ கேட்பவரைத் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள்.

இதே கேள்வியை இரண்டு ஏ.சி. ஓடும் வீட்டிலிருந்து கேட்டிருந்தால் என் பதில் வேறு. ஈ.பி. கணக்கில் 500 யூனிட் ஒரு பெரிய வேலி. அதைத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரை கிடைத்த சலுகை விலையும் போய்விடும். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 700 யூனிட் ஓட்டினால் பில் 3,900 ரூபாய் சொச்சம். அந்த வீட்டில் 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் சுமார் 480 யூனிட் வரும். கழித்தது போக 220 யூனிட்டுக்குத்தான் பில், சுமார் 330 ரூபாய். அதாவது 3,500 ரூபாய்க்கு மேல் மிச்சம். மூன்றாவது கிலோவாட் சேர்த்தால் கூடுதலாக மிச்சமாவது அந்த 330 ரூபாய் மட்டும்தான், மானியமும் அதற்குக் குறைவு. எல்லா ஏஜென்ட்டும் 3 கிலோவாட் என்றுதான் ஆரம்பிப்பார்கள். கடைசி ஆறு பில்லை எடுத்து வைத்துக்கொண்டு, அவரையே உட்கார வைத்து, 2 போட்டால் என்ன, 3 போட்டால் என்ன என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எழுதமாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

வியாசர்பாடி வெயிலுக்கு மே மாதம்தானே கரன்ட் கொட்டும்?
– வாசகர், வியாசர்பாடி

வெளிச்சம்தான் கரன்ட் ஆகிறது தம்பி. சூடு அதைக் குறைக்கும். பேனலில் எழுதியிருக்கும் வாட், 25 டிகிரி சூட்டில் அளந்தது. மே மாத மதியம் நம் மாடியில் பேனல் 60, 65 டிகிரிக்குப் போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறைந்துகொண்டே வந்தால், நூறு வாட்டில் பன்னிரண்டு, பதினான்கு வாட் சூட்டிலேயே போய்விடும். வானம் தெளிந்து காற்றும் அடிக்கும் பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். பேனலுக்கும் தரைக்கும் நடுவே காற்றுப் போக இடம் விடச் சொல்லுங்கள். நவம்பர், டிசம்பரில் அடைமழை நாட்களில் வருவது குறையும், ஆனால் வெளிச்சம் இருக்கும்வரை நிற்காது. வருஷக் கணக்குப் பார்த்தால் ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு நாலு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

அண்ணே, எங்கள் வீடு காசிமேடு. ஜன்னல் கம்பியையே உப்புக்காத்து தின்றுவிடுகிறது. புயல் வந்தால் பேனல் பறந்து யார் தலையிலாவது விழும் என்று அம்மா பயப்படுகிறார். கடலோரத்தில் சோலார் கூடாது என்பது உண்மையா?
– வாசகர், காசிமேடு

கூடாது என்பது தப்பு. ஆனால் அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதற்கு மரியாதை கொடுத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

பேனலைப் பற்றி இரண்டாவதாகக் கவலைப்படலாம். அலுமினிய சட்டம், கெட்டியான டெம்பர்டு கண்ணாடி. உப்புக்காற்றுச் சோதனை ஐ.இ.சி. 61701 தேறியது என்ற சான்றிதழை மட்டும் கேட்டு வாங்குங்கள். முதலில் பார்க்க வேண்டியது அதைத் தாங்கும் இரும்பு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நான் பார்த்த ஸ்டாண்டுகளில் துரு ஆரம்பிக்கும் இடம் எப்போதும் ஒன்றேதான்: வெல்டிங் வைத்த மூலை. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை வாங்கி வந்து மாடியில் வைத்து வெட்டி வெல்டு அடிக்கிறார்கள். வெல்டு சூட்டில் பூச்சு எரிந்துபோகும். மேலே வெள்ளி பெயின்ட் ஒரு கோட்டு. முதல் மழைக்காலம் முடிந்ததும் அந்த மூலையிலிருந்து காலோடு ஒரு பழுப்புக் கோடு இறங்கியிருக்கும். விரலால் தேய்த்தால் செதில் செதிலாகக் கையோடு வரும். வெளியே தெரிவது அது. குழாய்க்கு உள்ளே அதைவிட மோசமாக இருக்கும்.

அதனால், முதலிலேயே அளவெடுத்து, வெட்டி, துளை போட்டு, வெல்டு எல்லாம் முடித்த பிறகு துத்தநாகக் குளியலில் முக்கி எடுத்த ஸ்டாண்டாகக் கேளுங்கள். ஹாட் டிப் என்றால் கடைக்காரருக்குத் தெரியும். பூச்சு 80 மைக்ரான். மாடியில் வந்து போல்ட் மட்டும்தான் முடுக்க வேண்டும், வெல்டிங் மெஷினே படியேறக் கூடாது. போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடலுக்கு அவ்வளவு பக்கம் என்றால் 316 ரகம். எர்த்துக்கும் ஜி.ஐ. குழாய் வேண்டாம், செம்பு பூசிய ராடு போடுங்கள். எர்த் மூன்று தனித்தனியாக வேண்டும்: பேனல் பக்கம், இன்வெர்ட்டர் பக்கம், இடிதாங்கி. சோலார் இடியை இழுக்கும் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அப்படி ஒன்றும் இல்லை. எர்த் சரியில்லாத மாடியில் இடி விழுந்தால் சேதம் அதிகம், அவ்வளவே.

இப்போது காற்று. 2016 டிசம்பர் 12 வர்தா புயலை அம்மா மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு இந்தியத் தரநிலை சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்துக்குக் கணக்குப் போட்ட ஸ்டாண்டா என்று கேளுங்கள், என்ஜினியர் கையெழுத்தோடு தாளில் வாங்குங்கள். காற்று பேனலை அழுத்துவதைவிட அடியில் புகுந்து தூக்குவதுதான் ஆபத்து. துணி காயப்போட, கருவாடு காயவைக்க இடம் வேண்டும் என்று எட்டடி உயரத்தில் பந்தல் மாதிரி போடச் சொல்கிறோம். போடலாம். ஆனால் உயரம் ஏற ஏறக் காற்று பிடிக்கும், இரும்பும் கான்கிரீட்டும் அதற்குத் தகுந்தபடி கூட வேண்டும். கால்கள் தூணுக்கோ பீமுக்கோ நேர் மேலே உட்கார வேண்டும். வெறும் கான்கிரீட் கட்டையைத் தட்டோட்டின் மேல் வைத்துவிட்டுப் போகிற வேலை கடற்கரைக்கு ஆகாது. கண்ட இடத்தில் தளத்தைத் துளைத்தால் அடுத்த மழைக்கு வீட்டுக்குள் ஒழுகும். அதையும் கூடவே பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறை வைத்திருக்கிறேன். லேத் இரண்டு, டிரில்லிங் ஒன்று. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். வீட்டுக்குக் கொடுக்கிற மானியம் எனக்கும் உண்டா? ஞாயிற்றுக்கிழமை வருகிற கரன்ட்டை ஈ.பி.க்கு விற்கலாமா?
– வாசகர், கொடுங்கையூர்

மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும். உங்களுக்கு வேறு வழியில் லாபம் வரும்: வருமானவரிக் கணக்கில் சோலாருக்கு வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் காட்டலாம். ஆடிட்டரிடம் முதலிலேயே பேசுங்கள்.

விற்பதைப் பற்றிப் பெரிய கனவு வேண்டாம். வீட்டு இணைப்பு என்றால், லைனுக்குக் கொடுத்த யூனிட்டை லைனிலிருந்து எடுத்த யூனிட்டில் அப்படியே கழிப்பார்கள். தொழில், வணிக இணைப்புக்கு அப்படி இல்லை. நீங்கள் வெளியே தள்ளும் யூனிட்டுக்கு நீங்கள் வாங்கும் விலையைவிடக் குறைந்த விலைதான். ஈ.பி. லைனைப் பயன்படுத்துவதற்கு நெட்வொர்க் கட்டணம் வேறு உண்டு. மாதா மாதம் கட்டும் நிலைக்கட்டணமும் குறையாது. அதனால் பகலில் மோட்டார் ஓடும்போது எவ்வளவு இழுக்கிறது என்று மீட்டரில் பார்த்து, அதற்குக் கொஞ்சம் கீழேயே போடுங்கள். உற்பத்தியாகிற கரன்ட் உங்கள் லேத்திலேயே செலவாக வேண்டும், அதுதான் லாபம். பகல் வேலை நடக்கிற பட்டறைக்கு இது மிகப் பொருத்தமான ஏற்பாடு, தைரியமாகச் செய்யுங்கள்.

ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் மேல் வேண்டாம். அது பாரம் தாங்காது, போல்ட் துளையில் விரிசல் விடும், மேலே ஏறும் பையன் கால் வைத்த இடத்தில் உடைந்து உள்ளே விழுவான். ஷீட்டை இரும்புத் தகடாக மாற்றி, அடியில் கூரையைத் தாங்கும் சட்டம் (டிரஸ்) தாங்குமா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் மேல்மாடி எழுப்பப் போகிறார். நிழல் கொஞ்சம் விழுந்தால் கொஞ்சம்தானே குறையும்?
– வாசகி, கொருக்குப்பேட்டை

இல்லை தங்கச்சி. பேனல்களை வரிசையாகக் கோத்திருப்பார்கள். தோட்டத்துக் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் முழுக் குழாயிலும் தண்ணீர் குறைவதுபோல, ஒரு பேனல் நிழலில் மாட்டினால் வரிசையே இறங்கக்கூடும். நிழல் பட்ட பகுதியை விட்டுக் கரன்ட்டைச் சுற்றிவிடும் டையோடு பேனலுக்குள் இருக்கும், அது கொஞ்சம் காப்பாற்றும், முழுவதும் அல்ல. சின்டெக்ஸ் டேங்க், கைப்பிடிச் சுவர், செல்போன் டவர் எல்லாம் இதே கதைதான். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து நிழல் நீளமாக விழும். அந்த நிழலைக் கணக்கில் எடுத்து இடம் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக் கட்டடம் எழும்பி முடியும்வரை பொறுத்திருப்பது நல்லது. அதற்குப் பிறகும் நிழல் விழும் என்றால் பேனலுக்கு ஒன்றாகச் சின்ன இன்வெர்ட்டர் (மைக்ரோ இன்வெர்ட்டர்) போடலாம், ஒன்றின் நிழல் மற்றதை இழுக்காது, விலை கூட.

கன்டெய்னர் லாரி புழுதி ஒரு பக்கம், மாமாவின் பந்தயப் புறா ஒரு பக்கம். மழை பெய்தால் பேனல் தானாகக் கழுவிக்கொள்ளும் என்கிறார்களே?
– வாசகர், தண்டையார்பேட்டை

நம் பேட்டைக்காரர் கேட்டுவிட்டார். மழை புழுதியைக் கொஞ்சம் கழுவும், புறா எச்சத்தைக் கழுவாது. காய்ந்த எச்சம் சின்னப் புள்ளியாக இருந்தாலும் அந்த இடத்து செல் சூடாகி நாளடைவில் கருகும். மாமாவிடம் கூண்டை வடக்குப் பக்கமாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பேனலுக்கு அடியில் புறா கூடு கட்டாமல் சுற்றிலும் வலை அடியுங்கள். மணலி, எண்ணூர் சாலை ஓரத்து வீடுகள் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கழுவத்தான் வேண்டும்.

போர் தண்ணீரில் மட்டும் கழுவாதீர்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பு. காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைப் படலம் தங்கும், ஒவ்வொரு தடவையும் ஒரு படலம் கூடும், பிறகு தேய்த்தாலும் போகாது. மெட்ரோ தண்ணீர், இல்லாவிட்டால் பிடித்து வைத்த மழைத் தண்ணீர். மெத்தென்ற துணி அல்லது வைப்பர். சோப்புத்தூள், கம்பி நார் கூடாது. விடியற்காலையிலோ வெயில் இறங்கிய பிறகோ கழுவுங்கள். உச்சிவெயிலில் கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது. பேனல் மேல் கால் வைக்கவே கூடாது, உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும்.

ராயபுரத்தில் தாத்தா கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு. பேனல் பாரம் தாங்குமா?
– வாசகி, ராயபுரம்

பாரம் என்று பார்த்தால் பேனல் ஒன்று 27, 28 கிலோ. 3 கிலோவாட்டுக்கு ஆறு பேனல் போதும். ஆனால் பாரம் பரவலாக இறங்காது, ஸ்டாண்டு கால் நிற்கும் புள்ளிகளில் இறங்கும். உங்கள் தளம் தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலைச் செருகி சுண்ணாம்பு போட்டுக் கட்டியது. அதில் ஆணி அடிப்பதோ துளைப்பதோ வேண்டவே வேண்டாம். கனமான சுவர் ஒன்றிலிருந்து எதிர்ச்சுவர் வரை இரும்பு பீம் போட்டு, தளத்தைத் தொடாமல் அதன் மேல் நிறுத்தலாம். அதற்கு முன் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் ஒருவர் உத்தரத்தின் முனைகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். சுவருக்குள் போகும் முனையில்தான் கரையான் இருக்கும். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அந்த மாதிரித் தளத்தை இனி யாரும் கட்டப்போவதில்லை.

பெரம்பூரில் பிளாட். மேல் மாடி எங்களுடையது, அதனால் மொட்டை மாடியும் எங்களுக்குத்தானே?
– வாசகர், பெரம்பூர்

பத்திரத்தைப் பாருங்கள். பொதுவாக மொட்டை மாடி எல்லோருக்கும் சொந்தம். சங்கத்தில் தீர்மானம் போட்டு, லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்குக்கான பொது இணைப்புக்குப் போடுங்கள். அதற்கும் மானியம் உண்டு, கிலோவாட்டுக்கு 18,000.

கல்லூரியில் படிக்கிறேன். ஒரு பேனலைச் செய்யச் செலவாகும் மின்சாரத்தை அது ஆயுசுக்கும் திருப்பித் தராது, கடைசியில் எல்லாம் விஷக் குப்பை என்று வகுப்பில் சொன்னார்கள். எண்ணூரில் இருக்கும் எங்களுக்கு இது முக்கியமான கேள்வி ஐயா.
– வாசகி, எண்ணூர்

கேள்வி உங்களுக்குத்தான் முக்கியம் மகளே. 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் நிற்கும்வரை ஊருக்கு வெளிச்சம் கொடுத்தது. சாம்பல் கழிமுகத்துக்கும் உங்கள் வீட்டு மாடிக்கும் வந்தது. சுற்றுவட்டாரத்தில் இன்னும் நிலக்கரி எரிகிறது.

வகுப்பில் சொன்னது சரியில்லை. பேனலின் உயிர் சிலிக்கான். அதை உருக்க 1,400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அதனால் செய்ய நிறைய மின்சாரம் ஆகும் என்பது உண்மை. ஆனால் நம் ஊர் வெயிலில் இரண்டு வருஷம் போல ஓடினாலே அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். 25 வருஷம் வரை எண்பது சதவீதத் திறன் இருக்கும் என்று எழுதிக் கொடுத்துத்தான் விற்கிறார்கள். நடுவில் இன்வெர்ட்டர் ஒரு முறை மாற்ற வேண்டிவரும்.

குப்பை பற்றிய கவலை நியாயமானது. பேனலின் எடையில் பெரும் பங்கு கண்ணாடியும் அலுமினியமும். கொஞ்சம் ஈயம், வெள்ளியும் உண்டு. 2022 மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலையும் சேர்த்துவிட்டார்கள், திரும்ப வாங்குவது தயாரித்தவர் பொறுப்பு. உடைந்த பேனலைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அங்கே அலுமினியத்தைப் பிரித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கையூர் குப்பையில் கொட்டிவிடுவார்கள். பில்லையும் ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணையும் ஒரு கவரில் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.